நகல் என்ற ஒரு சொல்லில் முடித்துவிட்டீர்கள்

ஞாயிற்றுக்கிழமை நம் மாதக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுதவேண்டாம் என்று நான்கு நாள் பேசாமல்தான் இருந்தேன். அந்தக் கூட்டத்தின் வீடியோவில் இரண்டு நிமிடத் துண்டை வெட்டிப் போட்டு, என் பெயரையும் கோத்துவிட்டு, கீழே வரிசையாகச் சிரித்து வைத்திருக்கிறீர்கள். இனிப் பேசாமல் இருக்க முடியவில்லை.

வந்திருந்தவர்களுக்கு நடந்தது தெரியும். குயீன் என்ற இங்கிலாந்து ராக் குழு, மறைந்த தன் பாடகர் ஃபிரெட்டி மெர்குரிக்குப் பிறகு ஆடம் லாம்பர்ட்டைப் பாட வைத்துச் செய்த கச்சேரி திரையில் ஓடிக்கொண்டிருந்தபோது, நான் மிகவும் மதிக்கும் மூத்தவர் ஒருவர் மைக்கைக் கேட்டு வாங்கி, "டி.வி. போட்டியில் தோற்ற பையன். ஃபிரெட்டியின் நகல். இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?" என்றார். அரங்கமே சிரித்தது. நான் பதில் சொல்ல எழுந்ததும், நேரமாகிவிட்டது என்று படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

ஐயா, பேச நிறைய இருக்கிறது.

ஆடம் லாம்பர்ட் 1982இல் இண்டியானாபொலிஸில் பிறந்து சான் டியேகோவில் வளர்ந்தவர். பத்து வயதிலேயே நாடக மேடை ஏறியவர். கல்லூரியில் சேர்ந்து ஐந்தே வாரத்தில் அதை விட்டுவிட்டு லாஸ் ஏஞ்சலிஸ் போனார். 19 வயதில் சுற்றுலாக் கப்பலில் பாடினார். பிறகு 'விக்கெட்' என்ற இசை நாடகத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பாடும் வேலை. அதோடு, நாயக வேடக்காரர் வர முடியாத நாளில் மட்டும் அந்த வேடத்தைக் கட்டும் மாற்று நடிகர். நம் ஊர் நாடகக் கம்பெனிக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த நிலைமை புரியும். பாடம் முழுவதும் மனப்பாடமாக இருக்கும், பாட்டு முழுவதும் தொண்டையில் இருக்கும். ஆனால் இன்றைக்குக் கூப்பிடுவார்களா என்று திரைக்குப் பின்னால் நின்று காத்திருக்க வேண்டும். அமெரிக்கன் ஐடல் என்ற அந்த டி.வி. பாட்டுப் போட்டியின் எட்டாவது பருவத்துக்காக அவர் சான் பிரான்சிஸ்கோவில் நடுவர்கள் முன் நின்றபோது வயது 26. பதினைந்து வருடத்துக்கு மேல் மேடை கண்டவரைப் 'பையன்' என்கிறீர்கள்.

தோற்றார், உண்மைதான். 2009 மே 20 அன்று முதல் பரிசு கிறிஸ் ஆலனுக்குப் போனது. பெயரை அறிவித்த அந்த நிமிடமே, இது ஆடமுக்கு உரியது என்று மேடையில் சொன்னவர் அதே கிறிஸ் ஆலன்தான். வென்றவருக்கே அப்படித் தோன்றியிருக்கிறது. இவ்வளவு காலம் கழித்தும் நமக்கு மட்டும் அந்த இரண்டாம் இடம் கண்ணை உறுத்துகிறது. அந்த இறுதி நாளில் இருவருக்கும் பின்னால் நின்று வாசித்தவர்கள் குயீனின் பிரையன் மேயும் ரோஜர் டெய்லரும். இருவரையும் பக்கத்தில் நின்று கேட்டவர்கள், பிறகு தேடிக் கூப்பிட்டது இரண்டாம் இடத்துக்காரரை. 2011இல் பெல்ஃபாஸ்டில் ஒரு விருது மேடை, 2012இல் கீவ் நகரச் சதுக்கத்தில் முழுக் கச்சேரி, 2014இலிருந்து நாடு நாடாகப் பயணம். காதில் ஏதோ விழாமல் அந்த இரண்டு பெரியவர்கள் இத்தனை வருடம் அவரைப் பக்கத்தில் நிறுத்தியிருப்பார்களா?

இப்போது அந்த 'நகல்' என்ற சொல்லுக்கு வருகிறேன். எனக்கு ஆறாதது அதுதான்.

2013இல் லாம்பர்ட் தன் ஆர்.சி.ஏ. இசை நிறுவனத்தை விட்டு வெளியேறினார். ஏன் தெரியுமா? எண்பதுகளில் வந்த பழைய பாடல்களை மறுபடி பாடி ஒரு தொகுப்பு கொடுக்கச் சொன்னார்கள். முடியாது என்றார். காரணத்தை அவரே வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். அதற்கு முந்தைய வருடம்தான் அவருடைய 'டிரெஸ்பாஸிங்' தொகுப்பு அமெரிக்காவின் பில்போர்டு இசைத் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்தது. தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்ட ஆண் பாடகர் ஒருவரின் தொகுப்பு அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் முறை. அந்த உயரத்தில் இருந்தவர் ஒப்பந்தத்தையே விட்டார், பிறர் பாட்டை மட்டும் பாடிக்கொண்டிருக்க மாட்டேன் என்று. அந்த மனிதரைத்தான் நகல் என்றீர்கள்.

"அப்படியானால் 2023இல் 'ஹை டிராமா' என்று முழுக்கப் பிறர் பாடல்களாகவே ஒரு தொகுப்பு போட்டாரே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போட்டார். அது அவரே விரும்பிப் பொறுக்கியெடுத்த பாடல்கள். ஒருவர் கையில் திணிப்பதற்கும் நாமே எடுப்பதற்கும் வித்தியாசம் இல்லை என்றால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

2018 டிசம்பரில் வாஷிங்டனில் கென்னடி சென்டர் விருது விழா. விருது பெற்றவர்களில் பாடகி ஷெர் ஒருவர். அவருடைய 'பிலீவ்' பாட்டு எல்லோருக்கும் தெரியும். அந்த விழாவுக்கு இருபது வருடத்துக்கு முன் நடன விடுதிகளை ஆட வைத்த துள்ளல் பாட்டு, இயந்திரம் வளைத்த குரல். லாம்பர்ட் அதில் துள்ளலை எடுத்துவிட்டார், தாளத்தை எடுத்துவிட்டார். கிட்டத்தட்டப் பேசுவதுபோல, மிக மெதுவாகத் தொடங்கினார். பிரிந்து போனவனிடம் சவால் விடும் பாட்டு, தனியாக இருப்பவள் தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொள்ளும் பாட்டாகிவிட்டது. மாடத்தில் உட்கார்ந்திருந்த ஷெரின் முகத்துக்குக் கேமரா போகிறது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். தன் பாட்டு, உலகம் முழுக்க ஆயிரம் முறை தானே பாடிய பாட்டு, அதைக் கேட்டு அழுகிறார். நகலைக் கேட்டு மூலத்துக்குச் சொந்தக்காரர் அழுவாரா ஐயா?

"இவர் ராக் பாடகரே இல்லை, நாடகப் பாடகர்" என்பது இன்னொருவரின் கருத்து. ஐடல் நடுவர் சைமன் கொவலும் முதல் நாளில் நாடகத்தனம் என்றுதான் முகம் சுளித்தார். சில மாதம் கழித்து அதே சைமன் இவருக்காக எழுந்து நின்று கைதட்டினார். அது கிடக்கட்டும். ஒரு ராக் பாட்டின் நட்டநடுவில் ஓப்ரா என்ற மேற்கத்திய இசை நாடகப் பாணியைப் பாட வைத்த குழு குயீன். அங்கே நாடகம் குறை என்றால் அந்தக் குழுவின் பாட்டையே கேட்காதீர்கள்.

"ஃபிரெட்டி இல்லாமல் குயீன் இல்லை" என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஃபிரெட்டி மெர்குரி 1991 நவம்பர் 24 அன்று போய்விட்டார். அந்த இடம் காலிதான். அதை அதிகம் சொல்வது யார்? லாம்பர்ட்தான். கச்சேரிக்குக் கச்சேரி, நான் ஃபிரெட்டி இல்லை, உங்களைப் போல நானும் அவர் ரசிகன், வாருங்கள் சேர்ந்து கொண்டாடுவோம் என்று கூட்டத்திடம் சொல்லிவிட்டுத்தான் மேலே பாடுகிறார். பிரையன் மே ஒற்றைக் கிட்டாரோடு உட்கார்ந்து பாடும் ஒரு பாட்டு உண்டு. அதன் கடைசியில் திரையில் ஃபிரெட்டி வருவார். அந்தப் பாட்டு முடியும்வரை லாம்பர்ட் மேடையிலேயே இருப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் படத்தை நிறுத்தியது அந்த இடம் வருவதற்கு முன்னால்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று தங்கை கேட்டாள். அவளுக்கே தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் பெரியப்பா தென்காசிப் பக்கம் அரிசி மண்டியில் கணக்கு எழுதினார். கோயில் கொடைத் திருவிழா சீசனில் மெல்லிசைக் குழுவோடு வேனில் போய் டி.எம்.எஸ். பாட்டுகள் பாடுவார். பாட்டு நோட்டு ஒன்று வைத்திருந்தார். நீலமையில் பாட்டு, பக்கத்தில் எந்தக் கட்டையில் தொடங்கவேண்டும் என்ற குறிப்பு, மூச்சு எடுக்கவேண்டிய இடங்களில் சிவப்பு மையில் சின்னக் கோடு. எல்லாம் காதால் கேட்டுக் கண்டுபிடித்த கோடுகள். ஒரு பாட்டில் ஒரே வரியில் மூன்று கோடுகளை அடித்துத் திருத்தியிருப்பார். கொடைக்கு முந்தைய நாள் யாரிடமும் சத்தமாகப் பேசமாட்டார், பிளாஸ்கில் பனங்கற்கண்டுப் பால்.

எனக்குப் பதினொரு வயதிருக்கும். ஓர் ஊரில் விடிய விடியப் பாடி முடித்துப் பேசிய பணத்தைக் கேட்டபோது கமிட்டிக்காரர் ஒருவர், "ரேடியோவில் சும்மா கேட்கிற பாட்டு. நகல் பாடுவதற்கு எதற்கு இவ்வளவு?" என்று பாதியைக் கையில் வைத்தார். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. வேனில் வரும்போது நான் அழுதேன். "பாட்டு அவருடையதுதான் அம்மா. இந்த ஊருக்கு அவர் வரமாட்டாரே, நான்தானே வரவேண்டும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், தூங்கிவிட்டார். 'நகல்' என்ற அந்தச் சொல்லை நான் அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதான் கேட்டேன். அதே சிரிப்போடு கேட்டேன்.

ஆகவே என்னிடம் தராசு நேராக இல்லை என்கிறீர்களா? இருக்காது. இருக்கவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவேண்டாம்.

இன்னொன்றையும் விட மனமில்லை. துண்டுக்குக் கீழே அவர் கண்மையையும் நகச்சாயத்தையும் பற்றி எழுதியிருப்பதைப் படித்தேன். சிலர் எழுதியிருப்பதைத் திருப்பிச் சொல்ல எனக்கு வாய் வராது. கூத்தில் மை தீட்டி அரிதாரம் பூசி விடிய விடிய ஆடியவர்களைப் பார்த்த ஊர் நம்முடையது. 2009 நவம்பரில் ஒரு விருது மேடையில் அவர் கீபோர்டு வாசித்தவரை முத்தமிட்டதற்காக ஏ.பி.சி. தொலைக்காட்சி அவருடைய அடுத்த நிகழ்ச்சியையே ரத்து செய்தது. அப்போதும் அவர் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. ஃபிரெட்டியும் அதே கறுப்பு நகச்சாயத்தோடு நின்றவர்தான். அவரைக் கும்பிடுகிறீர்கள், இவரை ஏசுகிறீர்கள். போனவர் என்பதால் ஃபிரெட்டி உங்களுக்குத் தொந்தரவு தருவதில்லையா?

மூத்தவர் மேல் எனக்கு மரியாதை போய்விட்டது என்று யாரும் அவரிடம் கொண்டுபோய்ச் சொல்லவேண்டாம். பழைய இசைத்தட்டுகளைத் துடைத்துக் கையில் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது. வேறு யார் சொல்லியிருந்தாலும் கடந்து போயிருப்பேன்.

அடுத்த மாதக் கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். ஷெர் விழாப் பாட்டை முழுதாகப் போடவேண்டும், நடுவில் யாரும் விளக்கைப் போடக்கூடாது. பெரியப்பாவின் நோட்டையும் எடுத்துவருகிறேன். அட்டை உதிர்கிறது, பிரித்துப் பார்ப்பவர்கள் கொஞ்சம் மெதுவாகப் பிரியுங்கள்.