பெட்டி முழுக்க ஸ்டிக்கர், திரையைப் பற்றி மட்டும் மூச்சே இல்லை

லேப்டாப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பிராசஸர் எந்தத் தலைமுறை, ரேம் எத்தனை ஜிபி, எஸ்எஸ்டி எவ்வளவு, எல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். நாள் முழுக்க நாம் முறைத்துக்கொண்டு உட்காரப்போகும் திரைக்கு? ‘15.6 இன்ச், ஃபுல் எச்டி, ஆன்டி கிளேர்’. அவ்வளவுதான். எத்தனை நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரும், நிறம் எந்த அளவுக்குச் சரியாகத் தெரியும் என்று ஒரு வரி கிடையாது. கடையில் கேட்டால், “நல்லா பிரைட்டா இருக்கும் சார்” என்கிறார்கள். எவ்வளவு பிரைட் என்று கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

ஐம்பதாயிரத்துக்கு மேல் கொடுத்து நானும் ஒன்று வாங்கிவைத்திருக்கிறேன். பகலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் எக்செல்லில் கட்டங்களின் கோடே தெரிவதில்லை. பிரைட்னஸ் ஏற்கெனவே நூறில் நிற்கிறது, இன்னும் எங்கே ஏற்றுவது? தங்கை ஆன்லைனில் புடவை விற்கிறாள். அவள் அனுப்பிய அரக்குச் சிவப்புப் பட்டு போனில் அரக்காகவே இருக்கிறது, என் லேப்டாப்பில் செங்கல் பொடி நிறம். “இந்தக் கலர் யாரு வாங்குவா?” என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. பெரும்பாலான லேப்டாப்களில் இருக்கும் எல்சிடி திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பின்னால் எரியும் எல்இடி வெளிச்சம் (பேக்லைட்), ஒளியை வடிகட்டும் போலரைசர், திரவப் படிகம், கலர் ஃபில்டர் எல்லாவற்றையும் தாண்டி வரவேண்டும். வழியிலேயே பெரும்பங்கு போய்விடும், பத்தில் ஒரு பங்கு வெளியே வந்தாலே பெரிது. நிறம் சுத்தமாகத் தெரிய ஃபில்டர் அழுத்தமாக இருக்கவேண்டும். அப்படி இருந்தால் வெளிச்சம் இன்னும் குறையும், ஈடுகட்ட பேக்லைட்டைக் கூட்டினால் பேட்டரி தீரும், செலவும் ஏறும். நம் ஊர் பட்ஜெட் லேப்டாப்களில் கம்பெனிகள் இதற்குக் கண்டுபிடித்த குறுக்குவழி, 250 நிட்ஸ், 45% என்டிஎஸ்சி பேனல் (பேனல் என்பது உள்ளே இருக்கும் திரைப்பலகை). வெளிச்சமும் குறைவு, நிறமும் வெளிறல். சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாய்வது இதனால்தான்.

அந்த என்டிஎஸ்சி என்பது எவ்வளவு நிறம் காட்டவேண்டும் என்று 1953-இல் அமெரிக்கக் கலர் டிவிக்கு வகுத்த அளவு. இணையத்தில் பார்க்கும் படங்களுக்குப் பொதுவான அளவு எஸ்ஆர்ஜிபி. அதை முழுசாகக் காட்ட ஏறக்குறைய 72% என்டிஎஸ்சி வேண்டும். ‘45%’ என்று படிக்கிறவருக்கு இந்தக் கணக்கு எப்படித் தெரியும்? தெரியக்கூடாது என்பதுதானே திட்டம்.

இதைவிட வயிறு எரிகிற விஷயம், ஒரே மாடலுக்குள்ளேயே பேனல் மாறுவது. ஒரே பெயர், ஒரே விலை, உள்ளே ஒன்றில் பிஓஇ, இன்னொன்றில் ஏயுஓ, மற்றொன்றில் இன்னோலக்ஸ் என்று வேறு வேறு கம்பெனி பேனல். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் மானிட்டரின் ஹார்ட்வேர் ஐடியைப் பார்த்தால், MONITOR என்பதற்கு அடுத்து வரும் மூன்று எழுத்திலேயே பெரும்பாலும் குட்டு வெளிப்படும். யூடியூப்பில் ஆஹா ஓஹோ என்று புகழப்பட்ட திரைதான் நமக்கும் வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. லாட்டரிச் சீட்டுக்காவது குலுக்கல் என்று சொல்லித்தான் விற்கிறார்கள்.

ஷோரூமில் ஏன் இது கண்ணில் படுவதில்லை? சார்ஜர் செருகி, பிரைட்னஸ் முழுதும் வைத்து, கறுப்புப் பின்னணியில் நிறம் தெறிக்கும் வீடியோவை ஓடவிட்டிருப்பார்கள். வீட்டில் சார்ஜரைப் பிடுங்கினால் இன்டெல் கிராஃபிக்ஸின் மின்சேமிப்பு வசதி சத்தமில்லாமல் திரையை மங்கவைக்கும். அதன் செட்டிங்ஸில் போய் அதை அணைத்து வையுங்கள், கொஞ்சம் உயிர் வரும். சரி, புள்ளிகளே சொந்தமாக ஒளிரும் ஓஎல்இடி திரை வாங்கலாமே என்றால், நிறம் அருமைதான். ஆனால் பெரும்பாலும் பளபளப்புக் கண்ணாடி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் முகச்சவரம் செய்துகொள்ளலாம்.

பதினைந்தாயிரம் ரூபாய் போன் விளம்பரத்தில் ‘இத்தனை நிட்ஸ்’ என்று போஸ்டர் அடிக்கத் தெரிகிறது. அதைப் போல மூன்று மடங்கு விலையுள்ள லேப்டாப் பெட்டியில் அதே எண்ணைப் போட மட்டும் இடம் இல்லையாம். சர்வீஸ் சென்டரில் கேட்டேன். “பேனலில் ஃபால்ட் எதுவும் இல்ல சார், இந்த மாடலே இப்படித்தான்” என்று சிரித்துக்கொண்டே ஜாப் ஷீட்டை மூடிக் கையில் கொடுத்துவிட்டார்கள். இப்படித்தான் என்பதை விற்கும்போதே சொல்லித் தொலைத்தால் என்ன?