வந்தவரிடம் ஒரு கேள்வியாவது கேட்டோமா?

மூன்று நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். எழுதிவிடுகிறேன். எதைப் பற்றி என்று குழுவில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: மையர்ஸ்-பிரிக்ஸ் ஆளுமைத் தேர்வில் ஆர்வமுள்ள உள்முகிகள் (இன்ட்ரோவெர்ட்கள்) கூடும் இணையக் குழு இது. அந்தத் தேர்வு ஒவ்வொருவருக்கும் நான்கு எழுத்தில் ஒரு வகையைத் தரும். முதல் எழுத்து ஐ என்றால் உள்முகம், ஈ என்றால் வெளிமுகம்; மூன்றாவது எழுத்து எஃப் என்றால் உணர்வை வைத்து முடிவெடுப்பவர், டி என்றால் தர்க்கத்தை வைத்து முடிவெடுப்பவர். ஞாயிறு இரவு நடந்ததை எல்லோரும் பார்த்தோம். பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் வாயைத் திறக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த உறுத்தலும் சேர்ந்துதான் இதை எழுத வைக்கிறது.

நடந்தது இவ்வளவுதான். ஒருவர் புதிதாக வந்து, தான் ஐஎன்எஃப்ஜே என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். நாம் அவரைப் பரிசோதித்து அனுப்பிவிட்டோம்.

அவர் எழுதியதை முழுதாக இங்கே எடுத்துப் போடப்போவதில்லை. எல்லோரும் படித்த மூன்று விஷயங்களை மட்டும் நினைவுபடுத்துகிறேன். தொலைபேசி அடித்தால் அது அடித்து ஓயும்வரை கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாராம், ஓய்ந்த பிறகு குறுஞ்செய்தி அனுப்புவாராம். யாராவது ஏதாவது கேட்டால் சரியான பதில் இரண்டு நாள் கழித்துத்தான் வருமாம், அதற்குள் கேட்டவர் மறந்திருப்பாராம். கடைசியாக, "இங்கே என்னை யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது என்று நம்பி வந்திருக்கிறேன்" என்று முடித்திருந்தார்.

அந்தக் கடைசி வரிக்குக் கீழே வந்த முதல் பதில் என்ன? "இவ்வளவு நீளமாக எழுதுகிறவர் இன்ட்ரோவெர்ட்டே கிடையாது." அடுத்தது, "இது ஐஎன்எஃப்ஜே மாதிரித் தெரியவில்லை, ஐஎஸ்எஃப்ஜேயாக இருக்கும்." அப்புறம் ஒருவர் வாக்கெடுப்பே நடத்திவிட்டார். உயிரோடு, உள்ளே உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிற ஒரு மனுஷியைப் பற்றி, அவர் யார் என்று வாக்கெடுப்பு! நாற்பதுக்கும் மேல் பதில்கள். நேற்று மறுபடியும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒன்றில்கூட அவரைப் பார்த்து ஒரு கேள்வி இல்லை. "மன்னிக்கவும், தவறான இடத்துக்கு வந்துவிட்டேன் போலிருக்கிறது" என்று ஒரு வரி எழுதிவிட்டு அவர் போய்விட்டார்.

விளக்க வேண்டியிருக்காது என்று நம்பி வந்தவரை நாற்பது பேர் சேர்ந்து விளக்கம் கேட்டோம்.

நான் இந்தக் குழுவுக்கு வந்த கதையைச் சொல்கிறேன். சேர்ந்து ஏழு மாதம் ஒரு வார்த்தை எழுதவில்லை. மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டே இருந்தேன். அறிமுகத்தைப் பதினோரு முறை எழுதி அழித்திருப்பேன். பெயர், வேலை என்று எழுதினால் அலுவலக விண்ணப்பம் மாதிரி இருந்தது. மனதில் இருப்பதை எழுதினால் மறுநாள் காலையில் எனக்கே கூச்சமாக இருந்தது. ஒரு நாள் துணிந்து போட்டேன். அதில் போகிற போக்கில் ஒரு வரி: நான் இதுவரை குடியிருந்த வீடுகளை எல்லாம் நினைவிலிருந்து வரைபடமாக வரைந்து வைத்திருக்கிறேன் என்று. யாரோ ஒருவர் கேட்டார், "அந்த வரைபடத்தில் ஜன்னல்களையும் போடுவீர்களா?"

அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. நான்கு பத்தி பதில் எழுதினேன். எந்த ஜன்னலில் எந்த நேரம் வெயில் விழும் என்றுகூட எழுதினேன். அதுவரை என் வாழ்நாளில் யாரும் அதைக் கேட்டதில்லை. ஆறு வருஷமாக இங்கே இருக்கிறேன் என்றால் அந்த ஜன்னல் கேள்விதான் காரணம். அன்றைக்கு யாராவது "வரைபடம் வரைகிறவர் எப்படி எஃப் ஆக முடியும், டி என்று மாற்றுங்கள்" என்று சொல்லியிருந்தால் நானும் அன்றே போயிருப்பேன்.

சரி, வகை சரியாக இருக்க வேண்டாமா என்று கேட்கிறீர்கள். தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டும்விட்டார்கள். ஆளாளுக்கு ஒரு எழுத்தைப் போட்டுக்கொண்டு வந்தால் குழுவுக்கு என்ன அர்த்தம் என்கிறார்கள். இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதைச் சொல்கிறவர்கள்தான் மிகவும் நிச்சயமாகப் பேசுகிறார்கள்.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் உளவியல் வகைகளைப் பற்றி எழுதியபோதே உள்முகமும் வெளிமுகமும் ஒவ்வொருவரிடமும் இருக்கின்றன, எது மேலோங்குகிறது என்பதை வைத்துத்தான் வகை என்று சொன்னார். அதைப் படித்துத் தன் போக்கில் வளர்த்தெடுத்தவர் கேத்தரின் பிரிக்ஸ் என்ற அமெரிக்கப் பெண். அவருக்கு இந்த ஆர்வம் வந்ததே, மகள் இஸபெல் கல்யாணம் செய்துகொள்ளப்போகும் ஆள் தங்கள் குடும்பத்தார் எவர் மாதிரியும் இல்லாமல் இருக்கிறாரே என்ற வியப்பில்தான் என்பார்கள். அந்த மகள் இஸபெல் மையர்ஸ்தான் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்தத் தேர்வின் கேள்வித்தாளை உருவாக்கினார். அவர் முறையாக உளவியல் படித்தவர் அல்லர். 1962இல் அதற்குக் கையேடு வந்தது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இத்தனைக்கும் தொடக்கம் ஒரு தாய் தன் வீட்டுக்கு வரப்போகும் புதியவரைப் பார்த்து, "இவர் ஏன் நம்மைப்போல் இல்லை, இவரை எப்படிப் புரிந்துகொள்வது?" என்று யோசித்தது. புதியவரை உள்ளே சேர்ப்பதற்காகத் தேடிய வழி அது. நாம் அதை வாசலில் காவலுக்கு நிறுத்தியிருக்கிறோம்.

இன்னொன்று. அந்தத் தேர்வை முறைப்படி நடத்துகிறவர்களிடமே ஒரு விதி இருக்கிறது. கேள்வித்தாள் ஒரு வகையைக் காட்டலாம், ஆனால் தனக்குப் பொருந்துவது எது என்று கடைசியாகச் சொல்ல வேண்டியவர் தேர்வை எழுதியவர்தான். நடத்துகிறவர் "இல்லை, நீ இதுதான்" என்று சொல்லக் கூடாது. பயிற்சி பெற்றவர்களுக்கே இல்லாத அதிகாரம் நம் மூத்த உறுப்பினர்களுக்கு எங்கிருந்து வந்தது? ஒரே ஒரு பதிவைப் படித்துவிட்டு!

அந்த எழுத்துகளாவது அசையாமல் நிற்கின்றனவா என்றால் அதுவும் இல்லை. சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் கணிசமான பேருக்கு ஓர் எழுத்தாவது மாறிவிடுகிறது. மனிதர்கள் இரண்டு பெட்டிகளாகப் பிரிந்து நிற்பதில்லை, பெரும்பாலோர் நடுவில்தான் இருக்கிறார்கள். நடுவில் கோடு கிழித்தால் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர் இன்றைக்கு இந்தப் பக்கம், நாளைக்கு அந்தப் பக்கம். எனக்கே ஐஎன்எஃப்பி என்றும் வந்திருக்கிறது, ஐஎன்டிபி என்றும் வந்திருக்கிறது. அலுவலகத்தில் ஒருமுறை குழுப்பயிற்சி என்று எல்லோரையும் எழுத வைத்தபோது முதல் எழுத்தே ஈ என்று வந்தது. மேலாளரும் அதே அறையில் இருக்கிறார் என்றதும் அவர் எதிர்பார்க்கும் ஆளாக என்னை நினைத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன், வேறென்ன?

அப்புறம் "இவ்வளவு நீளமாக எழுதுகிறவர் உள்முகி கிடையாது" என்ற அந்த வாதம். இதைச் சொன்னவர் இந்தக் குழுவில்தான் இருக்கிறாரா என்றே சந்தேகம் வருகிறது. நாம் எல்லோரும் நீளமாகத்தானே எழுதுகிறோம்! நேரில் பேசும்போது எதிராளி முடிப்பதற்குள் பதில் தயாராக வேண்டும். எழுத்தில் அந்த நெருக்கடி இல்லை. நாள் முழுக்கப் பேசாமல் சேர்த்து வைத்தது எல்லாம் எழுதும்போது வருகிறது. அமைதியானவர் என்றால் சொல்வதற்கு ஒன்றும் இல்லாதவர் என்று உலகம் நினைக்கிறது. அதே தவறை நாமும் செய்தால் எப்படி?

உடனே ஒருவர் ஃபோரரைக் கொண்டுவருவார், தெரியும். 1948இல் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் மாணவர்களுக்கு ஒரு தேர்வு வைத்து, ஆளுக்கொரு குணவிவரத்தைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி நான்குக்கு மேல் வந்தது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள், வாக்கியங்களில் பெரும்பாலானவை கடையில் விற்கிற ஜோதிடப் புத்தகத்தில் எடுத்தவை. ஆகவே இந்த வகை எல்லாமே பொய், இதற்காக ஏன் வருத்தப்படுகிறாய் என்பார்கள். பொய்யாகவே இருக்கட்டும். அதனால் அவரைச் சிரித்து அனுப்பியது சரியாகிவிடுமா? அவர் சொன்ன தொலைபேசி விஷயம் பொய்யா? இதற்கு மேல் இந்த வாதத்துக்குப் பதில் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னது" என்கிறவர்களுக்கும் ஒன்று. பழகியவர்கள் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வது வேறு. அவர் நம்மிடம் பேசிய முதல் நாள் அது. முதல் வார்த்தை அது.

பள்ளிக்கூடத்தில் புது வகுப்பின் முதல் நாள் எல்லோருக்கும் நினைவிருக்கும். வரிசையாக எழுந்து பெயரைச் சொல்ல வேண்டும். என் முறை வருவதற்கு இன்னும் எத்தனை பேர் என்று தலைகளை எண்ணிக்கொண்டிருப்பேன். என் வாக்கியத்தை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பேன். எழுந்து சொல்லி உட்கார்ந்த பிறகும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். முன்னால் பேசியவன் பெயர் என்ன என்று கேட்டால் தெரியாது. என்னிடம்தான் ஏதோ கோளாறு என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 1973இல் பிரென்னர் என்பவர் இதையே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்: தன் முறைக்குச் சற்று முன்னால் பேசியவர் சொன்னதுதான் ஒருவருக்கு மிகவும் குறைவாக நினைவில் நிற்கிறது. எல்லோருக்கும் அப்படித்தான். ஞாயிறு இரவும் நமக்கு அதுதான் நடந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். அடுத்து நாம் என்ன சொல்லலாம் என்றே யோசித்துக்கொண்டிருந்தோம், அதனால் அவர் சொன்னது காதில் விழவில்லை என்று. ஆனால் நமக்கு யாரும் அவசரம் வைக்கவில்லையே. அவர் எழுதியது அங்கேயே இருந்தது. இரண்டாம் முறை படித்திருக்கலாம்.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று என் மனைவி கேட்டாள். யாரோ ஒருவர், முகம்கூடத் தெரியாது, விடுங்களேன் என்றாள். அவளுக்குச் சொன்ன பதிலை இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சின்ன வயதில் நிறையப் பெயர்கள் இருந்தன. அமுக்குணி. உம்மணாமூஞ்சி. கல்லுளிமங்கன். வீட்டுக்கு யாராவது வந்தால் உள்ளறைக்குப் போய்விடுவேன். "கூப்பிட்டால் வரமாட்டான், தலைக்கனம்" என்று உறவுக்காரர் ஒருவர் நான் கேட்கும்படியே சொல்வார். என் அம்மா எனக்காகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "அவனுக்கு வாயே கிடையாது, பாவம்" என்பாள். தலைக்கனம் என்றதைவிட அந்த "பாவம்" அதிகமாக வலிக்கும். இவை எல்லாம் மற்றவர்கள் வைத்த பெயர்கள். என்னைக் கேட்டு வைத்தது ஒன்றுகூட இல்லை. முப்பத்திரண்டு வயதில் அந்த நான்கு எழுத்தைப் பார்த்தபோது, அது அறிவியலா ஜோதிடமா என்று நான் கேட்கவில்லை. என்னைப் பற்றி நானே எடுத்துக்கொண்ட முதல் பெயர் அது. அதில் பாவமும் இல்லை, தலைக்கனமும் இல்லை. அந்த இரவு நான் தூங்கவில்லை.

அவரும் அப்படி ஒரு பெயரைத்தான் எடுத்துக்கொண்டு வந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. எத்தனை வருஷம் யார் யார் வைத்த பெயர்களைச் சுமந்திருப்பாரோ. அவற்றைக் கீழே போட்டுவிட்டு, தானே எடுத்த ஒன்றைச் சொன்னார். அதையும் நாம் பிடுங்கிக்கொண்டோம். அவருடைய உறவுக்காரர்கள் செய்தால் தாங்கிக்கொண்டிருப்பார், பழக்கம் இருக்கும். நாம் செய்தோம். நம்மைப் போன்றவர்கள் என்று தேடிக் கண்டுபிடித்து வந்த இடத்தில்!

இனிமேல் யாராவது புதிதாக வந்து தன்னைப் பற்றிச் சொன்னால் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள். அவர் சொன்னதிலிருந்தே ஒரு கேள்வி. வகை அப்புறம் இருக்கட்டும், இல்லாமலே போகட்டும். இதை விதியாகப் போடுங்கள் என்று குழுவை நடத்துகிறவர்களிடம் கேட்டிருக்கிறேன். யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

நேற்று இரவு அவருக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினேன். ஞாயிறு அன்று நான் பேசாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் ஒரு கேள்வி: தொலைபேசி அடித்து ஓய்ந்த பிறகு அனுப்பும் குறுஞ்செய்தியில் முதல் வார்த்தையாக என்ன எழுதுவீர்கள்?

படித்துவிட்டார். பதில் இன்னும் வரவில்லை. இரண்டு நாள் ஆகும் என்று அவரே எழுதியிருந்தார்.