ஒரு மணி நேரம் எங்கே போதும்?

சிட்னி டார்லிங் ஹார்பர் கடல்சார் அருங்காட்சியகத்தை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். கட்டடத்துக்குள் மட்டும் சுற்றினால் சரி. வெளியே தண்ணீரில் நிற்கும் ‘ஆன்ஸ்லோ’ நீர்மூழ்கிக்கே எங்களுக்கு முக்கால் மணி ஆனது. நீளம் சுமார் 90 மீட்டர், நடக்கவோ ஒரே ஒடுக்கமான சந்து. தடுப்புச் சுவரில் இருக்கும் ஓட்டைக்குள் காலை முதலில் விட்டு, தலையைக் குனிந்து அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். படுக்கைகளைப் பார்த்தால் நம்ம ரயில் பெர்த்தே அரண்மனை! அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இதற்குள் வாரக்கணக்கில் இருந்திருக்கிறார்கள். 1999இல் பணி ஓய்வு பெற்ற கப்பல். உள்ளே டீசல் வாடை இன்னும் அடிக்கிறது. என் மாமியார் ஏணியைப் பார்த்ததுமே கரையில் உட்கார்ந்துவிட்டார். புடவையில் போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலுள்ள ‘வாம்பயர்’ போர்க்கப்பலில் மேல்தளமாவது காற்றோட்டமாக இருக்கும்.