புத்தக அட்டையிலிருந்து வந்த அச்சோவியர்

ஜப்பானிய மரக்கட்டை அச்சோவியர் ஹஷிகுச்சி கோயோவைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் 1918 முதல் 1921 வரையிலான அவருடைய கடைசி ஆண்டுகளையே எடுத்துக்கொள்கிறார்கள். அப்போது அவர் வெளியிட்ட பெண்ணுருவங்களின் அழகைக் கண்டவர்களுக்கு இதில் வியப்பிராது. ஆனாலும், அதற்கு முந்தைய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளை ஏதோ வயிற்றுப்பாட்டுக்குச் செய்த அட்டை வேலை என்பதுபோல் ஒரே வரியில் கடந்துபோவதை என்னால் ஏற்க முடியவில்லை. அச்சோவியர் கோயோவை வளர்த்தெடுத்தவர் நூல் வடிவமைப்பாளர் கோயோதான் என்பது என் உறுதியான எண்ணம்.

1880-இல் ககோஷிமாவில் பிறந்த அவர், டோக்கியோ நுண்கலைப் பள்ளியில் மேலைநாட்டு ஓவியம் பயின்று 1905-இல் தேறினார். அதே ஆண்டில் நட்சுமே சோசெகியின் ‘நான் ஒரு பூனை’ நாவலின் முதல் தொகுதிக்கு அட்டை வடிவமைத்தார். அவருடைய அண்ணன் சோசெகியிடம் படித்தவர் என்பதால் அந்த அறிமுகம் எளிதாகக் கிடைத்தது. ஆனால், அடுத்து வந்த ஆண்டுகளில் சோசெகியின் பல நூல்களுக்கும் அவரே வடிவம் தந்தார் என்றால் அது அறிமுகத்தால் மட்டும் நடக்கக்கூடியதன்று. புத்தக அட்டையில் எண்ணெய் வண்ணத்தின் ஒளிநிழலுக்கு இடமில்லை. கோடும், தட்டையான நிறமும், வெற்றிடமும்தான் பேச வேண்டும். தாள் எப்படி மையை உறிஞ்சும் என்பதையும் ஓவியர் அறிந்திருக்க வேண்டும். பள்ளியில் கற்ற உடற்கூற்று வரைதலை இந்தக் கட்டுப்பாட்டுக்குள் அடக்கிப் பழகியதே பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தது.

1911-இல் மித்சுகோஷி துணிக்கடை நடத்திய சுவரொட்டிப் போட்டியில் அவருக்கு 1,000 யென் முதற்பரிசு கிடைத்தது. அந்தச் சுவரொட்டிப் பெண்ணின் மடியில் விரிந்திருப்பது உகியோ-இ எனப்படும் பழைய ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்கள் கொண்ட ஏடு. அவர் மனம் எத்திசையில் போய்க்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1915-இல் பதிப்பாளர் வதனபே ஷோசபுரோவுடன் சேர்ந்து, குளிக்கும் பெண்ணின் படமொன்றை வெளியிட்டார். அச்சின் தரம் அவருக்கு நிறைவளிக்காததால் அந்தக் கூட்டு அத்தோடு முடிந்தது. பிறகு பழைய உகியோ-இ ஓவியர்களான உதாமாரோ, ஹருநோபு ஆகியோரின் படைப்புகளை ஆராய்ந்தும், பழைய அச்சோவியங்களை மறுபதிப்புச் செய்யும் பெருந்தொகுப்பை மேற்பார்வையிட்டும் சில ஆண்டுகளைச் செலவிட்டார். 1918 முதல் செதுக்குநரையும் அச்சிடுநரையும் தம் நேரடிப் பார்வையில் வைத்துத் தாமே பதிப்பாளரானார்.

1920-இல் வந்த ‘கூந்தல் சீவும் பெண்’ படத்தை உருப்பெருக்கிப் பாருங்கள். நெற்றியோரத்தில் தனித்தனி மயிரிழைகளாகப் பிரியும் கோடுகள் எவையும் மரத்தில் கீறப்பட்டவை அல்ல. இருபுறமும் மரத்தை வெட்டியெடுத்த பின் எஞ்சி நிற்கும் மெல்லிய மேடுகளே மையேற்றுத் தாளில் பதிந்தவை. பின்புலத்தில் அபிரகப் பொடி மங்கலாக மின்னுகிறது. முகத்திலும் கழுத்திலும் நிழல் தீட்டாமலேயே திரட்சி தெரிகிறது. சாய்ந்த தலையின் கனத்தைக்கூட வெறும் புறக்கோட்டிலேயே கொண்டுவந்துவிட்டார்!

ஓவியனே வரைந்து, செதுக்கி, அச்சிட வேண்டும் என்று வாதாடிய சோசாகு-ஹங்கா இயக்கத்தினர் அக்காலத்தில் இருந்தனர். அவர்கள் கொள்கையை மதிக்கிறேன். ஆனால், மற்றவர் கைபட்டதால் ஒரு படைப்பு ஓவியனுடையதாகாது என்ற வாதம் கோயோவிடம் செல்லாது. தேர்ந்த கைவினைஞர்களிடம் எதைக் கேட்பது, எதை மறுப்பது என்பதை அறிந்திருந்ததே அவருடைய கலை.

1921 பிப்ரவரியில், நாற்பது வயதில், அவர் இறந்தபோது முற்றுப்பெற்றிருந்த அச்சோவியங்கள் ஏறத்தாழ 14 மட்டுமே. 1923-இல் டோக்கியோ வட்டாரத்தைத் தாக்கிய பெருநிலநடுக்கத்தில் அச்சுக்கட்டைகளும் படிகளும் பல அழிந்தன. அவர் விட்டுச்சென்ற வரைவுகளைக் கொண்டு குடும்பத்தார் பின்னர் சில படங்களை வெளியிட்டனர்; அவையும் அழகானவையே. இருந்தாலும், தாம் நிறைவு காணாத ஓர் அச்சுக்காகப் பெரிய பதிப்பாளரையே விட்டு விலகியவரின் பெயரில் அவற்றை வேறுபாடின்றிச் சேர்த்துப் பட்டியலிடுவது முறையன்று. காட்சிக்கு வைப்போரும் விற்போரும் அவற்றின்கீழ் ‘மறைவுக்குப் பின் அச்சிட்டது’ என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.