பதினைந்து கிலோ தாங்குமாம், என் கெண்டைப்பொடிக்கு!

"இது பதினைஞ்சு கிலோ தாங்கும் சார்" என்று தூண்டில் நரம்புச் சுருள் ஒன்றை நீட்டினார் கடைக்காரர். தாங்கட்டும், ரொம்ப சந்தோஷம். ஆனால் நான் பிடிக்கப் போவது கெண்டைப்பொடி. கிலோவுக்கு ஐம்பது அறுபது நிற்கும். பதினைந்து கிலோ என் தூண்டிலில் தொங்க வேண்டுமென்றால் எண்ணூறு கெண்டைகள் கைகோத்துக்கொண்டு வந்து ஒரே மண்புழுவைக் கடிக்க வேண்டும்!

எங்கள் ஊர் வாய்க்கால் அரசலாற்றிலிருந்து பிரிந்து வருவது. நடுவில் நின்றால் இடுப்பளவு தண்ணீர். மேட்டூரை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். தண்ணீர் வந்து சேரத் தாமதம், முறை வைத்து விடும் நாட்கள், மழை கொட்டும் நாட்கள் எல்லாம் போக, மதகடியில் நிம்மதியாக உட்கார எனக்குக் கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகள் கொஞ்சம்தான். அதில் இரண்டைக் கடை கடையாக அலைந்தே தொலைத்திருக்கிறேன். கோபம் வருமா வராதா?

நான் கேட்டது நாலே சாமான். சன்னமான நரம்பு, 0.16 மில்லிமீட்டர். 14ஆம் எண் முள். சின்னத் தக்கை. மிளகு அளவு ஈயம். அவ்வளவுதான். முதல் கடையில் நரம்பு 0.50இல் தொடங்கியது. இரண்டாவது கடையில் "இதுதான் சார் இருக்கறதிலேயே மெலிசு" என்று 0.40ஐ எடுத்துப் போட்டார். மூன்றாவது கடைக்காரர் என்னைப் பாவமாகப் பார்த்து, "மெலிசா எடுத்தா பெரிய மீன் வந்தா அறுத்துக்கிட்டுப் போயிரும் சார்" என்றார். எந்தப் பெரிய மீன் ஐயா? எங்கள் வாய்க்காலில் திமிங்கலம் வருகிறதா?

சரி, நாகப்பட்டினமும் தரங்கம்பாடியும் பக்கம், கடல் சாமான்தான் விற்கும். புரிகிறது. ஆனால் இந்த டெல்டா முழுக்க வாய்க்கால்தானே? ஒரே ஒரு டப்பாவாவது எங்களுக்காக வைக்கக் கூடாதா?

நரம்பு தடியாக இருந்தால் பத்திரம்தானே என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். விட்டம் இரண்டு மடங்கானால் பலம் நாலு மடங்காகும். விறைப்பு அதைவிட வேகமாக ஏறும், வம்பு அங்கேதான். 0.50 நரம்பு சுருளில் எப்படிச் சுற்றியிருந்ததோ அப்படியே தண்ணீரிலும் சுருண்டு நிற்கும். புழுவைக் கோத்துப் போட்டால் புழு இறங்காது, ஊஞ்சல் ஆடும். கெண்டை முட்டாள் இல்லை. ஓட்டத்தோடு மிதந்து வரும் புழுவுக்கும், கம்பியில் மாட்டி நீட்டிய புழுவுக்கும் வித்தியாசம் அதற்குத் தெரியும். கிட்டே வரும், மூக்கால் ஒரு தட்டு தட்டும், போய்விடும். நாம் கரையில் உட்கார்ந்து தக்கையை முறைத்துக்கொண்டிருப்போம். முடிச்சு இன்னும் அழகு. தடி நரம்பில் ஐந்து சுற்று சுற்றி, எச்சில் தொட்டு இறுக்கினால், முடிச்சு முள்ளைவிடப் பெரிதாக நிற்கும்.

இதில் என்னைக் கொதிக்க வைத்த விஷயம் வேறு. அதே தெருவில் வலைக் கடை இருக்கிறது. அங்கே செவுள் வலை தொங்குகிறது, 0.16 நரம்பில் பின்னியது, கிலோ கணக்கில்! அதாவது, நரம்பு இருக்கிறது. கம்பெனி செய்கிறது. லாரியில் வந்து இறங்குகிறது. வலையாக வேண்டுமானால் எத்தனை கிலோ வேண்டுமானாலும் வாங்கலாம். தூண்டிலுக்கு ஐம்பது மீட்டர் சுருளாகக் கேட்டால், "அப்படியெல்லாம் வராது சார்." கண்ணுக்குக் கண் முடிச்சுப் போட்ட வலையைப் பிரித்து நான் என்ன செய்வது?

முள் கதைக்கு வருவோம். தூண்டில் முள்ளுக்கு எண் ஏற ஏற அளவு சிறுக்கும். 14 சின்னது, 6 பெரியது, 1 அதைவிடப் பெரியது. அதற்கு மேல் 1/0, 2/0 என்று மறுபடி பெருத்துக்கொண்டே போகும். கொஞ்சம் கோணலான கணக்குதான். ஆனால் முள் விற்கிறவருக்குத் தெரிய வேண்டாமா? "14 இல்லை சார், 2 இருக்கு, சின்னதாத்தான் இருக்கும்" என்று ஒன்றை எடுத்து நீட்டினார். அதில் கெண்டையை மாட்ட முடியாது, சட்டையை மாட்டலாம். கெண்டைப்பொடியின் வாயில் ஒரு உளுந்து நுழைந்தால் பெரிது. இந்தக் கொக்கியை அது எப்படி விழுங்கும்? புழுவின் வாலை மட்டும் நறுக்கிக்கொண்டு போகும். ஒரு தேங்காய்ச் சிரட்டைப் புழுவை அப்படியே தானம் பண்ணிவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

தக்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. நெட்டிச் செடி விளைந்த மண் இது. தஞ்சாவூர் நெட்டியில் கோயிலும் தேரும் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்கிறார்கள். அந்த நெட்டியில் சுண்டுவிரல் நீளத் துண்டு இருந்தால் போதும், அதைவிட நல்ல தக்கை கிடையாது. மயிலிறகுத் தண்டும் அப்படித்தான். நுனி மட்டும் வெளியே தெரிகிற மாதிரி ஈயத்தைக் கூட்டிக் குறைத்து விட்டால், கெண்டை மூச்சு விட்டாலே நுனி நடுங்கும். கடையில் என்ன கிடைக்கிறது? எலுமிச்சம்பழம் பருமனில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பிளாஸ்டிக் உருண்டை. அதை அமுக்க விரால்தான் வர வேண்டும். கெண்டை இழுத்துப் பார்த்து, ஏதோ கனக்கிறதே என்று துப்பிவிடும்.

அப்புறம் ஆன்லைன். "நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்கள், ஆறு, ஏரி, குளம் அனைத்துக்கும் ஏற்றது" என்று படம் போட்டிருந்தான். புத்தி இல்லாமல் வாங்கினேன். வந்தது என்ன தெரியுமா? ரப்பர் இறால், ரப்பர் புழு, மினுமினு தகடு, மணி, மூன்று முள் சேர்ந்த கொக்கிகள் ஒரு கூடை. அரசலாற்று வாய்க்காலில் ரப்பர் இறாலை எதற்குக் காட்டுவது? நண்டுக்கா? கூட வந்த ரீலோ கடற்கரையில் நின்று நூறு மீட்டர் வீசுகிறவனுக்கானது. என் வாய்க்காலில் அவ்வளவு தூரம் வீசினால் எதிர்க்கரை தாண்டி, வரப்பு தாண்டி, நடவு செய்கிறவர்கள் முதுகில் போய் விழும். நாலு தடவை வீசுவதற்குள் நரம்பு முறுக்கேறிக் குருவிக்கூடு கட்டிவிட்டது. பிரித்துப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் கத்தரிக்கோலை எடுத்தேன். இத்தனைக்கும் ஜப்பானில் மலையோடைகளில் ரீலே இல்லாமல், கழியின் நுனியில் நேராக நூலைக் கட்டித்தான் காலங்காலமாகப் பிடிக்கிறார்கள். டென்காரா என்று பெயர். அதுவும் நம் மூங்கில் தூண்டிலும் ஒரே ஜாதிதான். அங்கே அதைக் கலை என்கிறார்கள், இங்கே "என்ன சார், இன்னும் மூங்கில்தானா" என்கிறார்கள்.

விரால் பிடிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்குத் தடி நரம்புதான் சரி. ஆகாயத்தாமரைக்கு நடுவே ரப்பர் தவளையைத் தத்த விட்டு, விரால் பாய்ந்து கவ்வியதும் செடியோடு சேர்த்து இழுக்க வேண்டுமென்றால் பின்னல் நூலும் கெட்டிக் கழியும் வேண்டும். இழுபடாத நூல் இல்லாவிட்டால் முள் சரியாக ஏறாது. அது வேறு வேலை. நான் சொல்வது, எல்லாரும் விரால்தான் பிடிக்கிறார்கள் என்று நினைத்துக் கடை வைக்காதீர்கள் என்றுதான்.

அந்தத் தடி நரம்பாவது உருப்படியாக இருக்கிறதா? சுருள்களைக் கடை வாசலில், மேற்கு வெயில் படுகிற இடத்தில், தோரணம் மாதிரி தொங்க விட்டிருக்கிறார்கள். நைலானுக்கு வெயில் எமன். மாதக்கணக்கில் காய்ந்ததை விரலில் சுற்றி இழுத்துப் பார்த்தால் சொரசொரவென்று இருக்கிறது. பதினைந்து கிலோ தாங்குவது அட்டையில்தான். போன ஐப்பசியில், தண்ணீருக்குள் கிடந்த கருவை வேரில் மாட்டி, ஒரே சுண்டில் அறுந்தது. முள்ளோடு நாலு முழம் உள்ளே போயிற்று. நைலான் மக்காது. இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் ஒரு மடையான் கொக்கு கரையோரம் துள்ளிக்கொண்டிருந்தது. காலைச் சுற்றி நரம்பு. என்னுடையதா வேறு யாருடையதா என்று எனக்குத் தெரியாது. துண்டைப் போட்டு மூடிப் பிடித்து அறுத்து விட்டேன், கையில் இரண்டு கொத்து வாங்கிக்கொண்டு. அன்றைக்கு அதற்குமேல் தூண்டில் போட மனசு வரவில்லை.

இந்தக் கூத்தெல்லாம் நடக்கும்போது, எனக்கு இருபதடி தள்ளி ஏழாவது படிக்கிற பையன் ஒருவன் உட்கார்ந்திருப்பான். மூங்கில் கழி, தையல் மெஷின் நூல், ஓடைக்கரை நாணல் தண்டில் தக்கை. நான் நரம்பை நேராக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவன் முப்பது கெண்டையைக் கோத்துவிடுவான். ஒருநாள் போய்ப் பார்த்தேன். முள் மட்டும் கடையில் கிடைக்காத முள். "தாத்தாவோடது மாமா. தகர டப்பால தேங்காண்ணெ தடவி வச்சிருந்தாரு" என்றான். ஒன்று கொடுடா, என்ன விலை வேண்டுமானாலும் தருகிறேன் என்றேன். யோசித்தான். "இன்னும் ரெண்டுதான் மாமா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த கெண்டையை இழுத்தான்.

அந்தப் பதினைந்து கிலோ நரம்பு முக்கால் சுருள் மிச்சம் இருந்தது. திருப்பிக் கொண்டுபோனால் "பிரிச்சதை எடுக்க மாட்டோம் சார்" என்றார்கள். வீட்டில் அதை மாடியில் கொடி கட்டிவிட்டார்கள். ஈரப் போர்வை இரண்டு போட்டால் தொய்ந்து தரையைத் தொடுகிறது.