ஏற்காடு ஏற்றத்தில் இழுவை குறைந்தால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றலாமா?

"ஏற்காடு ஏறும்போது இன்ஜின் சூடாகி இழுவை குறைகிறதா? தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுங்கள்" என்று சேலம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடானதும் திறந்து, கூலன்ட்டை ரேடியேட்டருக்கு அனுப்பும் வால்வு. பெரும்பாலும் 80–90 டிகிரியிலேயே திறக்கத் தொடங்கிவிடும். திறக்காமல் சிக்கிக்கொண்டால் புதிது மாற்ற வேண்டும், அவ்வளவுதான். கழற்றிவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும்.

டெம்பரேச்சர் முள் நடுவில்தான் நிற்கிறது, ஆனாலும் வண்டி இழுக்கவில்லையா? இக்னிஷன் காயில் (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தருவது), கிராங்க் சென்சார் (இன்ஜின் சுழல்வதைக் கவனிப்பது), பெட்ரோல் பம்ப் இவற்றைச் சந்தேகியுங்கள். பழுதானால் இவை சில நேரம் சூட்டில் மட்டும் மக்கர் பண்ணும். ஆறியதும் நல்ல பிள்ளையாகிவிடும். ஆறவிட்டு மெக்கானிக்கிடம் காட்டினால் ஒன்றும் தெரியாமல் போகலாம், கோளாறு இருக்கும்போதே ஸ்கேனர் கருவியை வண்டியில் மாட்டி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

அப்புறம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி குறைவதால் டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) இல்லாத வண்டியின் சக்தி அங்கே ஏறத்தாழ 15 சதவீதம் குறையும். அது கோளாறே இல்லை.