எந்தக் கோடு என்று சொல்லித் தொலையுங்களேன்

போன மாதம் 20ஆம் தேதி. ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். அம்பத்தூரில் எங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவில், 26 வருடமாகக் கணக்கு பார்க்கும் ஓர் அக்கா மாலை ஐந்தேகால் மணிக்குப் புது லேப்டாப் முன்னால் கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். கொள்முதல், விற்பனை, உள்ளீட்டு வரி எல்லாவற்றையும் இரண்டு நாள் முன்பே சரிபார்த்து முடித்துவிட்டார். அந்தக் கணக்கைத் திறக்க லேப்டாப்புக்குள் நுழைய வேண்டும். அதற்குத்தான் வழியில்லை. "யூசர்நேம் அல்லது பாஸ்வேர்டு தவறு." எத்தனை முறை அடித்தாலும் இதே வரி.

எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனியை வேறொரு கம்பெனி வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. புதிய தலைமை அலுவலகத்து ஐ.டி. ஆட்கள் பிரிவு பிரிவாக லேப்டாப்களை மாற்றிக்கொண்டு வந்தார்கள். அக்காவுக்கு அன்று மதியம்தான் கொடுத்தார்கள். 20ஆம் தேதி வேண்டாம் என்று நாங்கள் கெஞ்சியும் கேட்கவில்லை. புது லேப்டாப்பைப் புது டொமைனில், அதாவது ஆபீஸ் கம்ப்யூட்டர்களையும் யூசர் கணக்குகளையும் ஒன்றாக நிர்வகிக்கும் நெட்வொர்க் குழுவில், சேர்த்திருந்தார்கள். எங்கள் யூசர் கணக்குகள் மட்டும் பழைய டொமைனிலேயே இருந்தன. இரண்டு டொமைனும் ஒன்றையொன்று நம்பும்படி இணைத்திருந்ததால், பழைய கணக்கை வைத்தே புது லேப்டாப்பில் நுழைய முடியும். ஆனால் யூசர்நேமுக்கு முன்னால் பழைய டொமைனின் பெயரைப் போட வேண்டும். போடாவிட்டால் விண்டோஸ் அந்தப் பெயரைப் புது டொமைனில் தேடும். அங்கே அக்கா என்று ஒருவர் இல்லவே இல்லை.

இதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. லேப்டாப்பைக் கொடுத்து மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். சார்ஜர் நம்பரைக் குறித்துக்கொண்டார்கள். பையின் ஜிப் ஓடுகிறதா என்றுகூட இழுத்துப் பார்த்தார்கள். உள்ளே நுழையும் வழியை மட்டும் சொல்லவில்லை.

ஹெல்ப்டெஸ்க்குக்குப் போன் போட்டோம். இருபது நிமிடம் காத்திருந்த பிறகு ஒரு தம்பி எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் எல்லாம் கேட்டது.

"மேடம், டொமைன் ஸ்லாஷ் யூசர்நேம் போடுங்க."

"எந்த டொமைன் தம்பி?"

"உங்க டொமைன்தான் மேடம்."

"மெயில் ஐடியில அட்டுக்குப் பின்னாடி வருதே, அதா?"

"ஆமா மேடம், அதேதான்."

அது இல்லை. மெயிலில் அட்டுக்குப் பின்னால் வருவது ஊருக்குத் தெரிந்த பெயர். ஆபீசுக்குள் இருக்கும் நெட்வொர்க்கின் பெயர் வேறு. எங்கள் பழைய டொமைன் 'லோக்கல்' என்று முடியும். அதற்கும் மேலே, லாகினுக்கென்று ஒரு குறும்பெயர் உண்டு. அதில் புள்ளி இல்லை, காம் இல்லை, 15 எழுத்தைத் தாண்டக் கூடாது. எங்களுக்கு அது கம்பெனியின் முந்தைய பெயரின் சுருக்கம். இப்போது போர்டிலும் கிடையாது, லெட்டர்பேடிலும் கிடையாது. அக்கா எங்கே போய்த் தேடுவார்?

சரி, அடுத்தது அந்த 'ஸ்லாஷ்'. அக்காவின் விரல் கேள்விக்குறி இருக்கும் பட்டனுக்குப் போனது. வேறு எங்கே போகும்? 26 வருடமாக இன்வாய்ஸ் நம்பரில், வவுச்சர் நம்பரில், தேதியில் அவர் போட்டுவரும் ஸ்லாஷ் அதுதான். லாகினுக்கு வேண்டியதோ பேக்ஸ்லாஷ், என்டர் பட்டனுக்கு மேலே இருப்பது, மறுபக்கம் சாய்ந்த கோடு. 1983இல், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் சிஸ்டத்தின் 2.0 பதிப்பு வந்தபோது முன்சாய்ந்த கோட்டை வேறு வேலைக்கு ஏற்கெனவே எடுத்துவிட்டதால், ஃபோல்டர்களுக்குப் பின்சாய்ந்த கோட்டைக் கொடுத்தார்கள். விண்டோஸில் பிறகு லாகினுக்கும் அந்தக் கோடே வந்துவிட்டது. சிஸ்டத்தில் ஊறியவர்கள் இரண்டையும் வாயால் 'ஸ்லாஷ்' என்றே சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு விரல் தானாகவே சரியான பட்டனுக்குப் போய்விடும். எதிர்முனையில் இருப்பவருக்குப் போகாது. போனில் வேலை பார்க்கிறவருக்கு இது தெரிய வேண்டாமா? "என்டருக்கு மேலே இருக்கிற கோடு மேடம்" என்று சொல்ல மூன்று நொடி ஆகுமா?

எனக்கு அடிவயிறு எரிந்தது இதற்கப்புறம் நடந்ததைப் பார்த்துத்தான். பாஸ்வேர்டு தவறு, பாஸ்வேர்டு தவறு என்று திரை சொல்லிக்கொண்டே இருந்ததில், அக்காவுக்குத் தன் ஞாபகத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. போன தடவை மாற்றியது கடைசியில் 7ஆ 8ஆ என்று யோசிக்க ஆரம்பித்தார். இதற்குள் அந்தத் தம்பி யாரிடமோ கேட்டு வந்து சரியான குறும்பெயரையும் சரியான கோட்டையும் சொன்னார். முதன்முறையாக எல்லாம் சரியாக அமைந்தது. ஆனால் அக்கா அதற்குள் வேறு வேறு பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்க்கத் தொடங்கியிருந்தார். மூன்று முறை. கணக்கு லாக் ஆகிவிட்டது. பெயரைத் தப்பாக அடித்தவரைக்கும் அது யாருடைய கணக்கையும் தொடவில்லை. பெயர் சரியாக அமைந்த பிறகுதான், தவறான பாஸ்வேர்டுகள் அவருடைய கணக்கில் போய் விழுந்தன.

"முப்பது நிமிஷம் வெயிட் பண்ணுங்க மேடம். பாஸ்வேர்டை மறக்காம இருந்தா நல்லது."

மறக்காமல் இருந்தால் நல்லதாம். அந்தச் சொல்லுக்காகவே இதை எழுதுகிறேன். என்னிடம் இருந்த பழைய லேப்டாப் இன்னும் பழைய டொமைனில்தான் இருந்தது. முப்பது நிமிடம் கழித்து அக்காவை அதில் உட்கார வைத்தேன். வெறும் யூசர்நேம், முதலில் அவர் அடித்த அதே பாஸ்வேர்டு. சட்டென்று திறந்தது. அவர் எதையும் மறக்கவில்லை. முதல் முறையே அவர் பாஸ்வேர்டு சரி. இரண்டு மணி நேரம் அவரை மறதிக்காரராக ஆக்கி வைத்திருந்தார்கள்.

ஜிஎஸ்டி தளம் 20ஆம் தேதி இரவு எப்படி ஊர்ந்து போகும் என்று கணக்கு பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். இரவு பதினொன்றே முக்காலுக்குத் தாக்கல் ஆனது. தவறியிருந்தால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரித் தொகைக்கு வருடத்துக்கு 18 சதவீதம் வட்டி. அதற்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டியவர் யார்? அக்காதான். ஐ.டி. பிரிவா எழுதும்?

நான் இதன் பிறகு சும்மா இருக்கவில்லை. சர்வர் நிர்வாகம் பார்க்கும் நண்பர் ஒருவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். புரிந்துகொள்ளவே முடியாத விஷயம் இல்லை இது. லாகின் பெயர் எழுத இரண்டு பாணி. ஒன்று பழையது, விண்டோஸ் என்டி காலத்தது: டொமைன் குறும்பெயர், பேக்ஸ்லாஷ், யூசர்நேம். இன்னொன்று விண்டோஸ் 2000உடன் ஆக்டிவ் டைரக்டரி என்ற புது டொமைன் நிர்வாக முறை வந்தபோது வந்தது: யூசர்நேம், அட், டொமைன் பெயர், பார்க்க மெயில் ஐடி மாதிரியே இருக்கும். பழையதை விலக்காமல் புதியதையும் வைத்துக்கொண்டார்கள். கால் நூற்றாண்டாக இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. மெயில் ஐடி மாதிரி இருப்பது பல ஆபீஸ்களில் மெயில் ஐடியேதான். சில ஆபீஸ்களில் இல்லை. எது என்று அமைத்தவருக்குத்தான் தெரியும்.

இதில் நம் ஊர்ப் பெயர்கள் படும் பாடு தனி. பழைய பாணி யூசர்நேம் 20 எழுத்துக்கு மேல் போகாது. மீனாட்சிசுந்தரம் என்று ஒருவர் வேலைக்குச் சேர்கிறார் என்று வையுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் அந்தப் பெயருக்கே 17 எழுத்து. புள்ளி வைத்து, அப்பா பெயர் சுப்பிரமணியனைச் சேர்த்தால், அதில் முதல் இரண்டு எழுத்தோடு கத்தரி விழுந்துவிடும். மெயில் ஐடியில் முழுப்பெயர் இருக்கும். அட் போடும் பாணியிலும் முழுப்பெயர் இருக்கலாம். பேக்ஸ்லாஷ் பாணியில் மட்டும் அரைகுறைப் பெயர். தன் பெயரை எழுத்துப் பிசகாமல் முழுதாக அடிக்கிற மனிதனிடம் 'பெயர் தவறு' என்று சொல்லும் இடம் இது. எத்தனை பேர் இதில் மாட்டியிருப்பார்கள்! எங்கள் ஸ்டோர்ஸில் ஒருவர் மூன்று மாதமாகப் பக்கத்து இருக்கைக்காரரின் லாகினில்தான் வேலை பார்த்தார். காரணம் கேட்டபோது, "என் பேருக்கு ஓப்பன் ஆகாது" என்றார். தன் பெயரில்தான் ஏதோ கோளாறு என்று நம்பிக்கொண்டிருந்தார் அந்த மனிதர்.

அப்புறம் கீபோர்டு. லேஅவுட் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இருந்தால், ஷிஃப்டும் 2உம் சேர்த்து அடித்தால் அட் வராது, மேற்கோள் குறி வரும். யூசர்நேமில் என்றால் கண்ணுக்குத் தெரியும். பாஸ்வேர்டில் வெறும் கறுப்புப் புள்ளிதான். பாஸ்வேர்டில் அட் வைத்திருப்பவர் நாள் முழுக்க அடித்தாலும் உள்ளே போக முடியாது. யூசர்நேம் கட்டத்தில் அடித்துப் பார்த்தால் ஒரே நொடியில் தெரிந்துவிடும். இதைக்கூட யாரும் சொல்லித் தருவதில்லை.

ஒரே ஆள், ஒரே நாள், ஒரே ஆபீஸ். எங்களிடம் லேப்டாப்புக்குப் பேக்ஸ்லாஷ் பாணி. வைஃபைக்கு அட் பாணி. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் விபிஎன்னுக்கு வெறும் யூசர்நேம். சம்பளச் சீட்டுப் பக்கத்துக்கு மெயில் ஐடி. நாலு கதவுக்கும் சாவி ஒன்றுதான், அதைத் திருப்ப வேண்டிய விதம் நாலு. நாலு கட்டத்தின் மேலும் எழுதியிருப்பது ஒரே சொல்: 'யூசர்நேம்'.

விண்டோஸ் முழுக்க மறைத்து வைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்பி காலத்தில் எந்த டொமைன் என்று ஒரு பட்டியல் கீழே விரியும், பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். 2007இல் விஸ்டா வந்தபோது அது போய்விட்டது. ஆனால் இன்றும் பாஸ்வேர்டு கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் எந்த டொமைனுக்குள் நுழைகிறோம் என்று ஒரு வரி இருக்கிறது. யூசர்நேம் கட்டத்தில் டொமைன் பெயரை அடித்துப் பேக்ஸ்லாஷ் போட்டவுடன் அந்த வரி மாறும். ஒரு புள்ளியும் பேக்ஸ்லாஷும் போட்டால், அந்த லேப்டாப்பின் சொந்தப் பெயர் அங்கே வந்துவிடும். அந்த ஒரு வரியைப் பார்க்கச் சொல்லியிருந்தால் அக்கா ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார். பத்து பைசா வித்தியாசத்தை ஆயிரம் பதிவுகளுக்குள் தேடி எடுக்கிறவர் அவர். உள்ளே நுழைந்த பிறகு, கட்டளைகளை அடிக்கும் கமாண்ட் பிராம்ப்டில் 'ஹூ ஆம் ஐ' என்பதை ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் அடித்தால், டொமைனும் பேக்ஸ்லாஷும் யூசர்நேமும் அப்படியே வந்து நிற்கும். யாராவது உள்ளே நுழையத் தெரிந்தவர் ஒருமுறை அடித்துக் காட்டினால் போதும்.

பாதுகாப்பு என்று ஆரம்பிப்பார்கள், தெரியும். பெயர் தவறா பாஸ்வேர்டு தவறா என்று பிரித்துச் சொன்னால், திருட வருகிறவனுக்கு எந்தப் பெயர் இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒத்துக்கொள்கிறேன், நியாயம்தான். ஆனால் எழுதும் முறை என்ன ரகசியம்? கோடு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதில் என்ன ரகசியம்? தினமும் காலையில் லாகினுக்கு முன்னால் எங்கள் திரையில் ஒரு பெட்டி வருகிறது. அனுமதி பெற்றவர்கள் மட்டுமே பயன்படுத்தலாம், மீறினால் நடவடிக்கை என்று பன்னிரண்டு வரி ஆங்கில மிரட்டல். ஐ.டி. ஆட்கள் தாங்களாகவே எழுதிப் போடக்கூடிய பெட்டி அது. பதின்மூன்றாவது வரியாக, பெயரை எப்படி அடிக்க வேண்டும் என்று ஓர் உதாரணம் போட எது தடுக்கிறது? மிரட்ட இடம் இருக்கிறது, வழி சொல்ல இடம் இல்லையா?

அக்கா மறுநாள் ஒரு மஞ்சள் சீட்டில் தமிழில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டினார். பழைய டொமைனின் குறும்பெயர், "பிறகு என்டருக்கு மேலே உள்ள கோடு, பிறகு என் பெயர்". அவ்வளவுதான். பாஸ்வேர்டில் ஒரு எழுத்துகூட அதில் இல்லை. போன வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து பாதுகாப்பு ஆய்வுக்கு வந்தவர் அதைப் பார்த்தார். தமிழ் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவும் இல்லை. பிய்த்துக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, "மேடம், பாஸ்வேர்ட்ஸ் எழுதி ஒட்டக் கூடாது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். அக்கா பதில் பேசவில்லை. அவர் போனதும் டிராயரைத் திறந்து இன்னொரு மஞ்சள் சீட்டை எடுத்தார்.